சில மணி நேரம் உயர்ந்த இமை: கிரீனிச் மருத்துவமனை நிகழ்வு, 1934

எதைப் பற்றிய பதிவு

1934-ல் லண்டனின் கிரீனிச் பகுதியில் இருந்த செயின்ட் ஆல்ஃபிஜ் மருத்துவமனையில், மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைக்களைப்பு நோய் கொண்ட 56 வயதுப் பெண் ஒருவருக்குத் தோலுக்கடியில் பைசோஸ்டிக்மின் என்ற மருந்து ஊசியாகப் போடப்பட்டது. தொங்கிக் கிடந்த அவருடைய இடது இமை உயர்ந்தது. சில மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிட்டது. மருத்துவ நிகழ்வாக நடந்தது இவ்வளவுதான். ஆனால் நரம்பு தசைக்குச் செய்தி அனுப்புவது எப்படி என்று ஆய்வுக்கூடங்கள் அப்போது தேடிக்கொண்டிருந்த விடையின் ஒரு பகுதி இந்தப் படுக்கையருகே தெரிந்தது.

நோயாளியின் பெயர் இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. ஊசி போட்டவர் டாக்டர் மேரி வாக்கர். எந்தக் காரணத்தால் அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தார், கண்டதிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டினார், எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

இடமும் ஆளும்

செயின்ட் ஆல்ஃபிஜ், ஏழைகளுக்கான பழைய சட்டத்தின் கீழ் உருவான மருத்துவமனை. 1930-ல்தான் லண்டன் கவுண்டி கவுன்சிலின் கைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் அல்ல. நரம்பு நோய்களில் புதிதாக ஏதாவது வந்தால் குயின் ஸ்கொயரில் இருந்த பெரிய நரம்பியல் மருத்துவமனையிலிருந்து வரும் என்றுதான் அந்தக் காலத்து லண்டனில் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

வாக்கர் ஸ்காட்லாந்துக்காரர். 1913-ல் மருத்துவப் பட்டம் பெற்று, முதல் உலகப்போரின்போது மால்டாவில் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றியவர். கிரீனிச்சில் அவர் வகித்தது உதவி மருத்துவ அதிகாரி பதவி. வார்டு பார்ப்பதுதான் வேலை, ஆய்வு அல்ல.

நோய்

அந்தப் பெண்ணுக்கு இருந்தது மயஸ்தீனியா கிரேவிஸ். தசை வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். காலையில் ஓரளவு திறந்திருக்கும் கண் மாலையில் மூடிக்கொள்ளும். சாப்பிடத் தொடங்கும்போது மெல்ல முடியும், பாதிச் சாப்பாட்டில் தாடை தொங்கிவிடும். ஓய்வெடுத்தால் கொஞ்சம் தேறும். விழுங்கும் தசையோ மூச்சுவிடும் தசையோ இப்படிக் களைத்தால் உயிருக்கே ஆபத்து.

1895-ல் பெர்லினில் ஃப்ரீட்ரிக் ஜாலி இந்த நோயாளிகளின் தசைகளை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்த்தார். முதல் துடிப்பு நன்றாக இருந்தது, அடுத்தடுத்து வந்தவை சுருங்கிக்கொண்டே போயின. ஆக நோயாளி மனம் சோர்ந்து சும்மா இருக்கிறார் என்று சொல்ல வழியில்லை. குறை உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே? பிரேதப் பரிசோதனையில் மூளையிலும் நரம்பிலும் தசையிலும் அந்த அளவு பலவீனத்தை விளக்கும்படி எதுவும் கிடைக்கவில்லை. சிலருக்கு மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி வீங்கியிருந்தது, அதற்கு அர்த்தம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

1930-களின் தொடக்கத்தில் சிகிச்சை என்று இருந்தது எபெட்ரின், கிளைசின் போன்றவை. எபெட்ரின் உதவுகிறது என்று முதலில் எழுதியவர் இதே நோய் கொண்ட அமெரிக்கப் பெண் ஹாரியட் எட்ஜ்வர்த். தன் உடம்பிலேயே கண்டு எழுதினார். பலன் இருந்தது, ஆனால் சொற்பம்.

அதுவரை அறிவியலுக்குத் தெரிந்தது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். வாக்கரின் முடிவு இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் க்யூரரே. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் விஷம். 1850-களில் பாரிஸில் க்ளோட் பெர்னார்ட் இதைத் தவளையில் சோதித்தார். விஷம் ஏறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையை நேரடியாகத் தூண்டினால் துடித்தது. அப்படியானால் தசை சாகவில்லை. ஒரு காலுக்கு மட்டும் இரத்தம் போகாமல் கட்டிவிட்டு விஷம் கொடுத்தபோது, விஷம் எட்டாத அந்தக் கால் நரம்பு வழியே வந்த தூண்டலுக்கு அசைந்தது. அப்படியானால் நரம்பும் சாகவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஏதோ அறுபடுகிறது.

இரண்டாவது, கலபார் கொட்டை. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்து உண்மையைச் சோதிக்கப் பயன்பட்ட நச்சுக்கொட்டை. 1855-ல் எடின்பரோவின் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் அதில் ஒரு துண்டைத் தானே தின்று பார்த்தார். இன்றைய நெறிமுறைக் குழு கேட்டால் மயக்கம் போட்டுவிடும்! அந்தக் கொட்டையிலிருந்து கிடைத்ததுதான் பைசோஸ்டிக்மின். கண் மருத்துவர்கள் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக அதை வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1900-ல் வியன்னாவின் யாகோப் பால், க்யூரரே கொடுத்த நாய்களில் பைசோஸ்டிக்மின் அந்த விஷத்தை முறிப்பதைக் கண்டு எழுதினார். ஏன் முறிக்கிறது என்று அப்போது தெரியாது.

மூன்றாவதாக, செய்தியைக் கொண்டுபோகும் ரசாயனம். 1914-ல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், அசிட்டைல்கோலின் என்ற பொருள் உடம்பில் சில நரம்புகளின் வேலையை அப்படியே செய்து காட்டுவதையும், அதன் விளைவு நொடியில் மறைவதையும் விவரித்தார். இரத்தத்தில் ஏதோ ஒரு என்சைம் அதைச் சிதைக்கிறது போலும் என்று ஊகித்தார். 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்ட, அது மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை மற்ற இதயத்துக்கு மாற்றினார். நரம்பைத் தொடாமலேயே இரண்டாவதும் மெதுவானது. ஆக நரம்பு நுனி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது. 1926-ல் லோவியும் நாவ்ராட்டிலும் இன்னொன்று கண்டார்கள்: அந்தப் பொருளை இதயத்தில் இருக்கும் ஒரு என்சைம் சிதைக்கிறது, பைசோஸ்டிக்மின் அந்த என்சைமைத் தடுக்கிறது. 1929-ல் டேலும் டட்லியும் மாடு, குதிரை மண்ணீரல்களிலிருந்து அசிட்டைல்கோலினைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை பாட்டிலில் இருந்த ரசாயனம் உடம்பிலேயே இருக்கிறது என்று உறுதியானது.

ஆனால் இதெல்லாம் இதயத்துக்கும் குடலுக்கும்தான். கை கால் தசை வேறு. அங்கே செய்தி ஆயிரத்தில் சில பங்கு நொடியில் கடக்கிறது. ஒரு ரசாயனம் சுரந்து, பரவி, வேலை செய்து, அழிந்து போக அவ்வளவு குறைந்த நேரம் போதுமா? மின்சாரமே நேராகத் தாவுகிறது என்று வாதிட்டவர்களில் இளம் ஜான் எக்கிள்ஸ் முக்கியமானவர். 1934 ஜூனில் இந்தச் சண்டை தீரவில்லை. வாக்கர் ஊசி போட்டது அந்தக் கட்டத்தில்.

எடுத்த முடிவும் காரணமும்

மருத்துவமனைக்கு வந்து ஆலோசனை சொன்ன நரம்பியல் நிபுணர் டெரெக் டெனி-பிரவுன், மயஸ்தீனியாவும் க்யூரரே விஷமும் ஒரே மாதிரி இருப்பதாக வாக்கரிடம் பேசியதாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒப்புமை புதிதல்ல, பலர் எழுதியதுதான். ஒப்புமையோடு நின்றுவிட்டார்கள். வாக்கர் அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போனார்: இது க்யூரரே மாதிரியான ஒன்று என்றால், க்யூரரேவின் முறிமருந்து இங்கேயும் வேலை செய்ய வேண்டுமே?

1934 ஜூன் 2 தேதியிட்ட லான்செட் மருத்துவ இதழில் வந்த அவருடைய கடிதம் இதைத்தான் சொல்கிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் தெரியாத ஏதோ ஒரு பொருள் க்யூரரே போல வேலை செய்கிறது என்றால், க்யூரரேவை ஓரளவு முறிக்கும் பைசோஸ்டிக்மின் அதையும் முறிக்கலாம் என்ற எண்ணத்தில் கொடுத்துப் பார்த்ததாக எழுதுகிறார்.

இது நல்ல முடிவு என்று நான் நினைக்க மூன்று காரணங்கள் உண்டு. மருந்து புதிதல்ல, அதன் நச்சுத்தன்மை தெரிந்திருந்தது. நோயாளிக்கு வேறு பெரிய வழி இருக்கவில்லை. மிக முக்கியமாக, பலன் இல்லாமல் போயிருந்தாலும் ஏதாவது தெரிந்திருக்கும், ஒப்புமை அவ்வளவு தூரம் செல்லாது என்றாவது. இது குருட்டாம்போக்கில் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது அல்ல.

கண்டது

ஊசிக்குப் பின் இமை உயர்ந்தது. கையசைவு நன்றாக வலுத்தது. தாடை முன்பைவிடக் குறைவாகத் தொங்கியது. விழுங்குவது எளிதானது. உடம்பு பாரம் குறைந்தது போல இருக்கிறது என்று நோயாளியே சொன்னார். பிறகு மெல்ல மெல்லப் பழைய பலவீனம் திரும்ப வந்தது. மறுபடி போட்டால் மறுபடி பலன்.

ஒரே நோயாளி, ஒப்பீட்டுக் குழு கிடையாது. இன்றைக்கு ஒரு மாணவர் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் முதல் கேள்வி அதுதான். ஆனால் இந்த நிகழ்வில் பலன் தானாகவே வந்து போகிறது. மருந்து இருக்கும்போது இமை மேலே, மருந்து தீர்ந்தால் கீழே. நோயாளியே தனக்கு ஒப்பீடு. ஆறு மாதம் தொடர்ந்து நன்றாக இருந்திருந்தால், நோய் தானாகத் தணிந்ததா மருந்து தணித்ததா என்று பிரித்திருக்க முடியாது. இந்த நோய் தானாகவும் தணியக்கூடியது. பலன் தற்காலிகமாக இருந்ததே சான்றுக்கு வலு சேர்த்தது.

அவர் எவ்வளவு சொன்னார்

கடிதத்தின் மதிப்பு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. குணமானதாக அவர் சொல்லவில்லை. பலன் தற்காலிகமானதுதான், ஆனாலும் விழுங்க உதவுகிறது, மூச்சு நெருக்கடியில் நோயாளியைக் கரைசேர்க்கலாம் என்கிறார். பிறகு, குறை தசையில் இல்லை, நரம்பு முடியும் இடத்தில்தான் என்ற கருத்துக்கு இது ஆதரவு என்கிறார். அப்புறம் ஒரு வரி: பைசோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினை அழிக்கும் என்சைமைத் தடுக்கிறது என்பதும் இங்கே பொருள் உள்ளதாக இருக்கலாம்.

அந்த ‘இருக்கலாம்’ சரியான அளவு. கை கால் தசையில் அசிட்டைல்கோலின்தான் செய்தி கொண்டுபோகிறது என்பது அப்போது நிரூபிக்கப்படவில்லை. நிரூபித்த மாதிரி எழுதியிருந்தால் தவறு. எழுதாமல் விட்டிருந்தாலும் இழப்பு.

இப்போது பின்னோக்கிப் பார்த்தால் வேலை செய்யும் விதம் எளிது. தொட்டியில் விழும் தண்ணீர் குறைவு என்றால், வடிகாலை அடைத்தால் மட்டம் கொஞ்சம் உயரும். நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையை எழுப்பப் போதவில்லை. அதை அழிக்கும் என்சைமைத் தடுத்தால், சுரந்தது கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கிறது. மருந்து தீர்ந்ததும் என்சைம் திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

அடுத்த வருடம்

பைசோஸ்டிக்மினுக்குப் பக்கவிளைவுகள் அதிகம்: வியர்வை, குமட்டல், வயிற்றுப் பிடிப்பு. வாக்கர் அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்துக்கு மாறினார். ப்ராஸ்டிக்மின் என்று விற்கப்பட்ட, இன்று நாம் நியோஸ்டிக்மின் என்று அழைக்கும் மருந்து. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அசையாமல் கிடக்கும் குடலைத் தூண்ட ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. 1935-ன் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் கூட்டத்தில் ஒரு நோயாளியோடு அதன் பலனை விளக்கிக் காட்டினார். அதன்பின் மருந்து வேகமாகப் பரவியது.

இங்கே ஒரு தவறிய வாய்ப்பையும் பதிய வேண்டும். 1932-லேயே ஜெர்மனியில் லாசர் ரேமன் ஒரு மயஸ்தீனியா நோயாளிக்கு இதே ப்ராஸ்டிக்மினைக் கொடுத்து, முன்னேற்றம் கண்டு, அச்சிலும் ஏற்றியிருந்தார். ஆனால் அவருடைய கவனம் கிளைசினில் இருந்தது. ப்ராஸ்டிக்மின் கட்டுரையின் ஓரத்தில் வந்துபோகும் செய்தியாக நின்றுவிட்டது. இன்னும் பின்னால் போனால், பைசோஸ்டிக்மின் உதவக்கூடும் என்று ஜாலியே குறிப்பிட்டிருந்தார், கொடுத்துப் பார்க்கவில்லை. ஒருவரிடம் எண்ணம் மட்டும் இருந்தது, இன்னொருவரிடம் பலன் மட்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர சுமார் 40 வருடம் ஆகியிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தது

1933-ல் நாஜி அரசு பெர்லினில் வேலையைப் பறித்ததும் வில்ஹெல்ம் ஃபெல்ட்பர்க் லண்டனில் டேலின் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். கையோடு ஒரு முறையையும் கொண்டுவந்தார். அட்டையின் தசையைப் பைசோஸ்டிக்மினில் நனைத்து வைத்தால், மிக நுண்ணிய அளவு அசிட்டைல்கோலினுக்கும் அது சுருங்கும். கிரீனிச்சில் இமையை உயர்த்திய அதே பொருள், அதே காரணத்துக்காக, ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டேலின் கூடத்தில் அளவுகோலின் பகுதியாக இருந்தது. 1936-ல் டேல், ஃபெல்ட்பர்க், மார்த்தே வோக்ட் மூவரும், இயக்க நரம்பைத் தூண்டும்போது கை கால் தசையிலும் அசிட்டைல்கோலின் சுரக்கிறது என்று காட்டினார்கள். அந்த ஆண்டே டேலும் லோவியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரியாவை நாஜிகள் பிடித்ததும் லோவி கைதாகி, பரிசுப் பணத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டே வெளியேற முடிந்தது.

1938-ல் வாக்கர் இன்னொன்றைப் பதிந்தார். ஒரு நோயாளியின் கையில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, முன்கைத் தசையைக் களைக்கவிட்டு, பட்டையை அவிழ்த்ததும் கண் இமை தொங்கியது. களைத்த தசையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலக்கிறது என்று நினைத்தார். அந்த விளக்கம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வேறு வழியாகத் திரும்பி வந்தது: மயஸ்தீனியா உள்ள தாய்க்குப் பிறக்கும் சில குழந்தைகள் சில வாரங்கள் பலவீனமாக இருந்து பிறகு தேறிவிடுகின்றன. இதையும் வேறு சில தடயங்களையும் வைத்து, இது உடம்பின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் நோய் என்று 1960-ல் ஜான் சிம்ப்சன் சொன்னார்.

இடையில் ஒரு சறுக்கல். 1950-களில் பெர்னார்ட் காட்ஸும் கூட்டாளிகளும், நரம்பு நுனி அசிட்டைல்கோலினைப் பொட்டலம் பொட்டலமாக விடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். 1964-ல் அந்தப் பொட்டலங்களின் விளைவை அளக்கும் முறையை மயஸ்தீனியா தசையில் பயன்படுத்தியவர்கள், ஒவ்வொரு பொட்டலமும் எழுப்பும் மின்மாற்றம் சிறியதாக இருப்பதைக் கண்டு, பொட்டலத்தில் சரக்கு குறைவு, அதாவது குறை நரம்பின் பக்கம் என்று முடிவு செய்தார்கள். அளவீடு சரி, பக்கம் தவறு. 1973-ல் இரண்டு செய்திகள் வந்தன. மின்விலாங்கு மீனின் அசிட்டைல்கோலின் ஏற்பியை, அதாவது அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் புரதத்தை, முயல்களுக்கு ஊசியாகப் போட்ட பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும், அந்த முயல்கள் மயஸ்தீனியா போலத் தளர்ந்து விழுவதைக் கண்டார்கள். நோயாளிகளின் தசையில் ஏற்பிகளே வெகுவாகக் குறைந்திருப்பதை அமெரிக்காவில் இன்னொரு குழு காட்டியது. கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற புரதங்கள், இங்கே தசைப் பக்கத்து ஏற்பியைத் தாக்குகின்றன. வாக்கர் சொன்ன ‘தெரியாத பொருள்’ அந்த ஆன்டிபாடிதான். அவர் 1974-ல் காலமானார்.

இன்று இதே நோயாளி வந்தால்

முதலில் இரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பார்கள். தொங்கும் இமையில் சில நிமிடம் ஐஸ் வைத்துப் பார்ப்பதும் உண்டு; குளிரில் என்சைமின் வேகம் குறைவதால் இமை கொஞ்சம் உயரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஜாலி செய்தது போலவே நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் துடிப்பின் சரிவை அளப்பார்கள். தைமஸுக்கு ஸ்கேன் எடுப்பார்கள், தேவையென்றால் அகற்றுவார்கள். மாத்திரை, வாக்கரின் வழியில் வந்த பைரிடோஸ்டிக்மின். அது அறிகுறிக்கு மட்டும். நோய்க்கு ஸ்டீராய்டு உள்ளிட்ட எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள், நெருக்கடியில் பிளாஸ்மா மாற்றம். வாக்கர் செய்தது போல ஒரு மருந்தைப் புதிதாக ஊசி போட்டுப் பார்ப்பதென்றால், முதலில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் கேட்பார்கள். வெறும் தண்ணீர் ஊசியையும் இடையில் போட்டு, எது எதுவென்று நோயாளிக்கும் பார்ப்பவருக்கும் தெரியாமல் சோதிப்பார்கள்.

நம் மருத்துவமனைகளில் இதன் இன்னொரு பயன்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நியோஸ்டிக்மினை மயஸ்தீனியாவைவிடப் பாம்புக்கடி வார்டில் பார்த்தவர்கள் அதிகம் இருக்கலாம். நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்து ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஏறக்குறைய க்யூரரே போல. முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று இமை தொங்குவதுதான். அதனால் விஷமுறிவு மருந்தோடு, இதயம் மிகவும் மெதுவாகாமல் இருக்க அட்ரோபினும் சேர்த்து, நியோஸ்டிக்மின் போட்டு இமையைக் கவனிக்கிறார்கள்.

கட்டுவிரியன் கடியிலும் இமை தொங்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதன் விஷம் முக்கியமாக நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. சுரப்பே நின்றுவிட்ட இடத்தில், சுரந்ததைத் தங்கவைக்கும் மருந்துக்கு வேலை இல்லை. ஆகவே பலன் தெரியாவிட்டால் நியோஸ்டிக்மினைத் தொடர்வதில்லை. நரம்பு நுனி மறுபடி வளர நாட்கள் ஆகும், அதுவரை வென்டிலேட்டர்தான் ஆளைக் காப்பாற்றுகிறது.